பார்க்ல ஒரு மூலை மண்ணும் ஒரு குழாயும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வேளச்சேரிக்காரன். போன ஞாயித்துக்கிழமை, ரெண்டு நாளா விடாம பேஞ்ச மழை காலைல தான் ஓஞ்சுது, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்த எங்க பையன் (ஒரு வயசு பத்து மாசம்) ஃப்ரிட்ஜ் கதவ தொறந்து மூடி தொறந்து மூடி எங்க எல்லாரையும் ஒரு வழி பண்ணிட்டான், சரி கொஞ்சம் காத்தாட போலாம்னு நானும் வைஃபும் எங்க அம்மாவும் அவன தூக்கிட்டு ஆட்டோ புடிச்சு ஒரு பார்க்குக்கு போனோம். எந்த பார்க்னு சொல்லல, ஏன்னா சொல்ல வர்றது அந்த ஒரு பார்க்க பத்தி மட்டும் இல்ல.

உள்ள போனா நடக்கற எடம் பூரா பேவர் பிளாக். மீதி எடத்துல புல், அதுல கால் வைக்கக் கூடாதுன்னு போர்டு. ஊஞ்சல் பக்கத்துல புங்க மரத்தடில மட்டும் பிளாக் பேந்து போயி ஒரு பாய் விரிக்கற அளவுக்கு சேறு. இவ்ளோ பெரிய பார்க்ல பையன் நேரா அங்க தான் போனான்.

அவன் போட்டிருந்தது பீப்பீன்னு சத்தம் வர்ற ஷூ. சேத்துல நாலடி வெச்சதும் பீப்பீ நின்னு புளுக் புளுக்னு ஆயிடுச்சு. அப்படியே நின்னு காலையே பாத்தான், மறுபடி ஓங்கி ஒரு மிதி, மறுபடி புளுக். அடுத்த மிதில கால் மட்டும் வெளிய வந்துச்சு, ஷூ உள்ளயே நின்னுடுச்சு. அவ்ளோ தான், தொப்புன்னு உக்காந்துட்டான். வைஃப் "ஐயோ புது பேன்ட்டு"ன்னு ஓடுனா, அதுக்குள்ள எங்கம்மா புடவைய தூக்கி சொருகிட்டு அவன் பக்கத்துல உக்காந்தாச்சு. அவங்க திருவாரூர் பக்கம், நாத்தங்கால் சேத்துல வளந்தவங்க. மூணு உருண்டை புடிச்சு வெச்சு அடுப்புன்னாங்க, கொட்டாங்குச்சி கெடைக்காததால டிஃபன் பாக்ஸ் மூடில சேத்த போட்டு சோறாக்குனாங்க, புங்க எலைய கிள்ளி கீரைன்னு மேல தூவுனாங்க. பையன் ரெண்டு கையாலயும் அள்ளி "பாத்தி, மம்மம்"னு நீட்டுறான். அவங்க தின்னுற மாதிரி வாயசைச்சிட்டு "உப்பு பத்தலடா கண்ணா"ங்கறாங்க. வீட்ல ஆயிரக்கணக்குல செலவழிச்சு வாங்கி வெச்சிருக்கற பொம்மை எதுலயும் இவன் இப்படி முக்கா மணி நேரம் உக்காந்து நான் பாத்ததில்ல.

அப்புறம் விசில். "சார் குழந்தைய தூக்குங்க சார்"னு வாட்ச்மேன். அவர் மேல கோவம் இல்ல, அதே சேத்தோட போயி சறுக்குமரத்துல ஏறுனா கழுவப்போறது அவர் தான். வாக்கிங் வந்த ஒரு பெரியவரும் நின்னு "எலிக்காய்ச்சல் வரும் தம்பி"ன்னு சொல்லிட்டு போனாரு. அவர் சொல்றதும் நியாயம் தான். மழை நாள்ல தெருவுல தேங்கற தண்ணில சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும், கால்ல சின்ன கீறல் இருந்தா போதும், கிருமி உள்ள போயிடும், மலம் கலந்த ஈர மண்ணுல வெறுங்கால் வெச்சா கொக்கிப்புழுவும் ஏறும். அந்த மாதிரி எடத்துல நானும் எறக்க மாட்டேன். பூச்சி மருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அங்கன்வாடில குடுக்கறாங்க, இந்த வயசுக்கு அல்பெண்டசோல் பாதி மாத்திரை, அது போட்டாச்சு. ஆனா அதுக்கு பயந்து எந்த மண்ணையுமே தொடக்கூடாதுன்னா எப்படிங்க?

அன்னிக்கு நாங்க உண்மையிலயே மாட்டுனது கழுவறதுக்கு தான். பார்க்ல இருந்த ஒரே குழாய் செடிக்கு தண்ணி விடறது, அதுக்கும் திருகுற தலைய கழட்டி வெச்சிருந்தாங்க. பாத்ரூம் பூட்டு. கைல இருந்தது ஒரு லிட்டர் பாட்டில், அதுல என்னத்த கழுவறது, எங்க பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நெலத்த ஒட்டுன களிமண்ணு, 2022ல ராம்சார் லிஸ்ட்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநெலங்களோட லிஸ்ட்ல, சேத்தாங்களே அதே சதுப்பு தான், ஒட்டுனா பசை மாதிரி விடாது. ரெண்டு ஆட்டோ எங்கள பாத்ததுமே நிக்காம போயிடுச்சு. மூணாவது அண்ணன் மட்டும் "பரவால்ல சார் இருங்க"ன்னு சீட்டுக்கு பின்னாடிலேர்ந்து பழைய பேப்பர் எடுத்து விரிச்சாரு. உங்க பேப்பர் தாங்க! பையன் அதையும் கிழிச்சிட்டான், மன்னிக்கணும்.

இப்ப மழைத்தண்ணி நெலத்துல எறங்கணும்னு ஸ்பாஞ்ச் பார்க்னு பள்ளம் வெட்டி குளம் அமைக்கறாங்க, நல்ல விஷயம். அதே யோசனைல குழந்தைங்க பார்க்லயும் பத்துக்கு பத்தடி எடத்த பிளாக் போடாம வெறும் மண்ணா விட்டா என்ன? சாக்கடை ஓரமா இல்லாம கொஞ்சம் மேடான எடமா பாத்து, சுத்தி முழங்கால் ஒசரத்துக்கு கம்பி வேலி, நாய் பூனை அசிங்கம் பண்ணாம ராத்திரில மூட ஒரு தார்ப்பாய். பெரிய செலவே இல்ல.

பக்கத்துலயே ஒரு குழாய் கண்டிப்பா வேணும். ரெண்டடி ஒசரத்துல வெச்சா போதும், குழந்தையே கைய நீட்டி கழுவிக்கும். சோப்பு நாங்க கொண்டு வந்துடறோம்.

இப்படிக்கு,
ஒரு அப்பா,
வேளச்சேரி, சென்னை