வால்பகுதியில் ஓர் எழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரபணுவிலிருந்து புரதம் செய்வதற்கான குறிப்பை எடுத்துச்செல்லும் தூது ஆர்.என்.ஏ. பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் புரதக் குறிப்பு அடங்கிய நடுப்பகுதியோடு நின்றுவிடுகின்றன. அதன் இரு முனைகளிலும் புரதமாக மாறாத, ‘மொழிபெயர்க்கப்படாத’ பகுதிகள் உண்டு. எந்தத் திசுவில் எவ்வளவு புரதம் என்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

நெதர்லாந்தின் டெக்சல் செம்மறியாட்டைப் பாருங்கள். பின்னந்தொடை திரண்டு, சதைப்பிடிப்பாக இருக்கும். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதம் மையோஸ்டேட்டின். இந்த ஆடுகளில் அந்தப் புரதத்தின் அமைப்பு மாறவே இல்லை! அதன் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில், அதாவது பின்முனையில் உள்ள மொழிபெயர்க்கப்படாத பகுதியில், ‘ஜி’ என்ற மரபு எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ‘ஏ’, அவ்வளவுதான். பெல்ஜிய மரபியலாளர் மிஷேல் ஜார்ஜ் குழுவினர் 2006-இல் இதை வெளியிட்டார்கள். அந்த ஓர் எழுத்தால் மிர்-1, மிர்-206 என்ற குட்டி ஆர்.என்.ஏ.க்கள் வந்து ஒட்ட இடம் கிடைக்கிறது. அவை எலும்புத்தசையில் மிகுதியாக இருப்பவை. அவை ஒட்டிக்கொண்டால் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் உருவாவது தடைபடும். அதனால் அங்கே மையோஸ்டேட்டின் உற்பத்தி குறைகிறது, தசை பெருக்கிறது.

‘மொழிபெயர்க்கப்படாத பகுதி’ என்றதும் வேண்டாத பகுதி என்றே என் மாணவர்கள் எண்ணுகிறார்கள். இந்த ஆட்டின் கதையை மாணவர் பக்கத்தில் படத்தோடு வெளியிடுங்கள்.

– உயிரியல் ஆசிரியை, தஞ்சாவூர்