அனுப்புநர் யார் என்று பார்

ரிசர்வாயர் ஹில்ஸ், டர்பன்
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரன்,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் அப்புறம். முதலில் ஒரு வேலை செய். இங்கே ஃபீனிக்ஸில் அக்கா வீட்டுக் கேமராவிலிருந்து உனக்கு வந்த பழைய மெயில் ஒன்றைத் திற. படம் வேண்டாம், மேலே அனுப்புநர் முகவரியைப் பார். பார்த்துவிட்டு வா, மீதியைச் சொல்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே "சரி சரி, பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் வாத்தியார் முடிக்கும் முன்னால் பையைத் தூக்கியவன்தானே நீ. அதனால்தான் எழுத்தில்.

இங்கே எல்லோரும் நலம். வசந்தாவின் முதுகுவலி தேவலையா? பெரியவளுக்கு வேலை கிடைத்ததை லோகாதான் சொன்னான், ரொம்ப சந்தோஷம்.

புனித வெள்ளியன்று எங்கள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது.

வருஷா வருஷம் போல எல்லோரும் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். அந்த நாளில் தமிழ் வீடுகள் பூட்டியிருக்கும் என்பது ஊருக்கே தெரியும். கூட்டத்தில் யாராவது அறுத்துவிடுவார்கள் என்று அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு வந்தாள். பாட்டி டோங்காட்டில் கரும்பு வெட்டிச் சேர்த்த காசில் செய்த சங்கிலி, உனக்குத் தெரியும். அது போய்விட்டது. லேப்டாப்பும் இன்வர்ட்டர் பேட்டரியும்கூடப் போயின, அவற்றை விடு. அம்மாவுக்கு 81 வயது. பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கழுத்துக்குப் போகிறது, அங்கே ஒன்றும் இல்லை, கையை இறக்கிவிடுகிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைப் பார்க்கிறேன் தெரியுமா?

அலாரம் அடித்தது. ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் என்கிற துப்பாக்கிக் காவலர் வண்டியும் வந்தது. ஆனால் உள்ளே நுழைந்தவர்கள் ஐந்தாறு நிமிஷத்தில் வேலையை முடித்துப் போய்விட்டார்கள். குரங்குகள் ஓடி ஓடி பின்பக்க பீமை (யாராவது குறுக்கே போனால் அலாரத்தை அடிக்கும் கதிர்) தட்டிவிடுவதால் அதை அணைத்தே வைத்திருந்தோம். மனிதன் வந்தால் மட்டும் படம் பிடித்து மெயில் அனுப்பும் கேமரா இருக்கிறதே என்ற தைரியம்தான்.

அந்தக் கேமரா தன் வேலையைச் செய்திருக்கிறது, குமரா. மூன்று பேர் பின்சுவர் ஏறிக் குதித்து மாமரத்தடியில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. முழுசாக 26 நிமிஷம். அதற்குப் பிறகுதான் சமையலறைக் கதவை உடைத்தார்கள். முதல் நிமிஷத்திலேயே ஒரு மெயில் வந்திருந்தால் கோயில் வாசலில் நின்றபடியே பேனிக் பட்டனை அழுத்தியிருப்பேன். மெயில் வரவே இல்லை.

அன்று ராத்திரி நானும் சின்னவனும், கேமராப் படங்களைச் சேமித்து மெயில் அனுப்பும் ரெக்கார்டர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தோம். திருடர்கள் தெரியும் படத்தில் வெயில் பளீரென்று அடிக்கிறது. மூலையில் தேதி 12-01-2000, மணி 03:17.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பெட்டிக்குள்ளே கடிகாரத்துக்கென்று சின்னக் காசு போல ஒரு பேட்டரி உண்டு, அது செத்துவிட்டது. லோட் ஷெட்டிங் என்ற முறை வைத்த மின்வெட்டு 2024 மார்ச்சோடு பெரும்பாலும் நின்றுவிட்டாலும் எங்கள் தெருவில் கேபிள் கோளாறு என்று கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. போய் வரும்போதெல்லாம் பெட்டி 2000 ஜனவரி 1 என்று புதிதாகப் பிறந்துவிடும். இன்டர்நெட்டில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வசதியை யாரும் போட்டு வைக்கவில்லை.

தேதி தவறினால் மெயில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். பாதுகாப்பாக மெயில் அனுப்பும்போது, பெட்டி முதலில் மெயில் சர்வரிடம் "நீ யார், சான்றிதழைக் காட்டு" என்று கேட்குமாம். சான்றிதழில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2000-இல் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அது இன்னும் தொடங்காத சான்றிதழ். போலி என்று நினைத்து இணைப்பைத் துண்டித்துவிடும். பெட்டி சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது, நாள்தான் தப்பு. கடைசி மெயில் பிப்ரவரி 9-ஆம் தேதி வந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் ஒன்றுமே வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, அதனால் வரவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்!

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடைசி மெயிலைப் பார்க்கும்போதுதான் அனுப்புநர் முகவரி கண்ணில் பட்டது. என்னுடையது அல்ல, வீட்டில் யாருடையதும் அல்ல. கேமரா போட்ட ஆளின் ஜிமெயில். வீட்டுக்கு வீடு தனி முகவரி உண்டாக்கச் சோம்பல்பட்டு, தன் கணக்கையும் அதன் ஆப் பாஸ்வேர்டையும் (கருவிகளில் போடக் கூகுள் தருவது) எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கிறான். ஜிமெயில் வழியாகப் போகும் ஒவ்வொரு மெயிலும் அந்தக் கணக்கின் 'சென்ட்' பெட்டியில் தங்கிவிடும். எங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், அம்மா எந்த நேரம் தனியாக இருக்கிறாள், எல்லாம் படத்தோடு அங்கே அடுக்கி இருக்கிறது. அவனைக் குற்றம் சொல்லவில்லை, திருட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருப்பதாகவும் சொல்லவில்லை. ஆனால் ஏதாவது ஒரு வீட்டில் பெட்டியைத் திருடி அந்தப் பாஸ்வேர்டை எடுத்தால் எல்லா வீடும் திறந்த வீடுதான். எத்தனை வீட்டில் இப்படிப் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அக்கா வீட்டுக்கும் அதே ஆள்தான். நான்தான் உன்னிடம் அவன் நம்பரைக் கொடுத்தேன். அது மனசைக் குடைகிறது.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கென்றே புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு. அதில் அலார மெயிலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்ட பிறகு ஆப் பாஸ்வேர்ட் என்று 16 எழுத்து கொடுக்கிறார்கள், பெட்டிக்குள் போட வேண்டியது அதைத்தான். வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து மெயில் அனுப்புவதை 2022 மே 30-லிருந்து கூகுள் நிறுத்திவிட்டது. உன் சொந்தக் கணக்கிலேயே ஒரு ஆப் பாஸ்வேர்ட் எடுத்துப் போட்டுவிடாதே. அந்த 16 எழுத்து யார் கைக்குப் போனாலும் மெயில் முழுவதையும் படிக்கலாம், பாங்க் மெயில் உட்பட. தனிக் கணக்கு என்றால் பெட்டி களவு போனாலும் அந்த ஆப் பாஸ்வேர்டை மட்டும் ரத்து செய்தால் போதும். அப்புறம், எல்லாவற்றுக்கும் ஜிம்மி பெயரையே பாஸ்வேர்டாக வைக்கும் பழக்கத்தை இனியாவது விடு. நாய் செத்து இருபது வருஷம் ஆகிறது.

போர்ட் (மெயில் போகும் வாசல் எண்) 465, எஸ்.எஸ்.எல். (மறைத்து அனுப்பும் முறை) என்று போட்டோம். 587-உம் சரிதான், ஆனால் சில பெட்டிகளில் "முடிந்தால் மறைத்து அனுப்பு" என்பது போல ஒரு தேர்வு இருக்கும். முடியாதபோது பாஸ்வேர்டையும் படத்தையும் அப்படியே திறந்த கடுதாசியாக அனுப்பிவிடும். அதைத் தொடாதே. 25 வேண்டவே வேண்டாம். பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்து, டெஸ்ட் பட்டனை அழுத்தினான். நாலு விநாடியில் என் போன் மணி அடித்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

ரூட்டர், ஃபைபர் பெட்டி, ரெக்கார்டர் மூன்றையும் ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டியிருக்கிறோம். வெளியிலிருந்து கேமரா பார்ப்பதற்காக ரூட்டரில் அந்த ஆள் திறந்து வைத்திருந்த போர்ட்டுகளை மூடியாயிற்று. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது வெறும் 'அட்மின்' மாதிரி பாஸ்வேர்டுகளை வைத்துத்தான், ஞாபகம் வைத்துக்கொள்.

அக்கா வீட்டுப் பெட்டி இன்னும் பழசு. மெயிலை மறைத்து அனுப்ப அது பேசும் டி.எல்.எஸ். என்ற முறை பழைய 1.0 பதிப்பாக இருக்கலாம் என்று சின்னவன் சந்தேகப்படுகிறான். அந்தப் பதிப்பை 2021-லேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை நடுவில் வைத்துவிடலாம் என்கிறான். பெட்டி வீட்டுக்குள்ளேயே பையிடம் மெயிலைக் கொடுக்கும், பை அதைப் புதிய பூட்டுப் போட்டு வெளியே அனுப்பும். எங்கள் வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறோம், வேறு காரியத்துக்காக. தினமும் காலை ஆறு மணிக்குக் கேமராவிலிருந்து ஒரு படம் எடுத்து அந்த வீட்டுக் கணக்கு வழியாகவே எனக்கும் சரோஜாவுக்கும் அனுப்பும். டீ போடும் முன்னால் சரோஜா அதைத்தான் பார்க்கிறாள். ஆறு ஐந்துக்கு வரவில்லை என்றால் என்னை எழுப்பிவிடுவாள். போன செவ்வாய் எழுப்பினாள், ரூட்டர் நின்றுபோயிருந்தது.

போலீஸில் கேஸ் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். தேதி தப்பாக இருக்கும் பதிவை எப்படி எடுத்துக்கொள்வது என்று அந்த அதிகாரியே குழம்பினார். சங்கிலி திரும்பும் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ராத்திரி சமையலறை விளக்கை மட்டும் அணைக்க விடமாட்டேன் என்கிறாள்.

வருகிற சனிக்கிழமை காலை நானும் சின்னவனும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல், ரூட்டர் பாஸ்வேர்டையும் வாங்கி வை. திருட்டைப் பற்றி அக்காவிடம் நீயே பக்குவமாகச் சொல். நான் சொன்னால் பயந்துவிடுவாள். போகும்போது மாங்காய் ஊறுகாய் எடுத்துப் போகிறேன், அவளுக்குப் பிடிக்கும்.

உன்
பாலன்