கறிவேப்பிலையும் சின்ன டம்ளரும்

திருச்சி,
மார்ச் 12.

அன்புள்ள மீனா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பிளஸ் டூ தேர்வு நடக்கிற வீட்டில் உட்கார்ந்து நீ எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய். நான் பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னித்துவிடு. கணக்குப் பரீட்சையைப் பையன் எப்படி எழுதினான் என்று ஒரு வரி எழுது, அம்மா தினமும் கேட்கிறாள். உன் மாமனாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். அப்பாவுக்குச் செய்தபோது நாங்கள் அதில்தான் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டோம்.

உன் தங்கை அடுத்த மாதம் கைக்குழந்தையோடு லண்டன் போகிறாள், என்னென்ன எடுத்துவைப்பது என்று தெரியாமல் திகைக்கிறாள், நீ எப்படி மூட்டை கட்டுகிறாய் என்று எழுது என்றாயே. நல்ல நேரத்தில் கேட்டாய். எங்கள் கூடத்தில் இப்போது நடக்க இடமில்லை. இன்னும் 14 நாளில் தம்பியைப் பார்க்க ஜப்பான் கிளம்புகிறோம். இங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து டோக்கியோ. நானும் அவரும் குழந்தை யாழினியும். அம்மாவும் வருவதாகத்தான் இருந்தது. முழங்கால் வலி கூடிவிட்டதால் கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஏன் மார்ச் கடைசி என்றால், செர்ரிப் பூவுக்காக. டோக்கியோவில் பூ மலர்ந்துவிட்டது என்று முறையாக அறிவிப்பதற்கு யாசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு மரத்தை வைத்திருக்கிறார்கள். வானிலைத் துறை ஆட்கள் வந்து பார்த்து, அதில் ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால் அன்றைக்கு அறிவிப்பு. 2023இல் அது மார்ச் 14. அடுத்த ஆண்டே மார்ச் 29. இப்படி முன்னும் பின்னும் ஆடுகிற ஒன்றுக்கு நாங்கள் நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்திருக்கிறோம். முதல் பூவிலிருந்து மரம் முழுதும் பூக்க ஒரு வாரம்போல் ஆகும். அதன் பிறகு ஒரு மழைக்காற்று அடித்தால் உதிர்ந்துவிடும். நாங்கள் போகும் பன்னிரண்டு நாளில் ஏதோ ஒரு நாளாவது அகப்படும் என்று தம்பி தைரியம் சொல்கிறான்.

பூ அகப்படுகிறதோ இல்லையோ, குளிர் அகப்படும். பகலில் 15 டிகிரி, இரவில் ஐந்தாறு என்கிறான். நம் கணக்கில் ஊட்டியின் டிசம்பர். திருச்சியில் இப்போதே வெயில் 37ஐத் தொடுகிறது. இந்த ஊரில் மார்ச் மாதம் கடைக்காரரிடம் குழந்தைக்கு ஸ்வெட்டர் கேட்டால் பரணைக் காட்டுகிறார். நல்ல வேளையாக, பொங்கல் விடுமுறையில் ஊட்டி போயிருந்தபோது தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர்கள் நடத்தும் கடைகளில் ஒரு ஜெர்கினும் காதை மூடும் குல்லாவும் வாங்கிவைத்திருந்தேன். போன ஞாயிறு அதைப் போட்டு அளவு பார்த்தோம். மின்விசிறி முழு வேகத்தில் ஓட, யாழினி ஜெர்கினுக்குள் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்து நின்றாள். கழற்றலாம் என்றால் விடவில்லை. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "மாமா பார்க்கணும்" என்றாள். கன்னம் சிவந்துபோகும் வரை அப்படியே இருந்தாள்.

ஒரே கனமான உடுப்பை நம்பாதே என்று உன் தங்கையிடம் சொல். உள்ளே தெர்மல், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், காற்றுக்கு ஜெர்கின். ரயிலுக்குள் ஏறினால் சூடு, இறங்கினால் குளிர். குழந்தைக்கு ஒவ்வொன்றாகக் கழற்றவும் மாட்டவும் வேண்டும். லண்டனிலும் இதே கதைதான்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைப்பது. இரண்டு ஆண்டுக்கு முன்பு சிங்கப்பூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம் அல்லவா, அப்போது எங்கள் பெட்டி விமானத்தில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. யாழினிக்கு அப்போது ஒன்றரை வயது. துணிக்குப் பஞ்சமில்லை, கீழே கடை. ஆனால் அவள் பால் குடிக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளர் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அம்மா வீட்டு டம்ளர் அது. விளிம்புக்குக் கீழே ஒரு நசுங்கல் உண்டு, அவள் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும். நாத்தனார் வீட்டிலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். குழந்தை ஒவ்வொன்றையும் வாங்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ராத்திரி இரண்டு மணிவரை அழுகை. புது வீடு, புது முகங்கள், புதுப் படுக்கை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவளுக்கு அந்த ஒன்று இல்லாதது தாங்கவில்லை. அன்றைக்கு நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அதனால் இந்த முறை நான் முதலில் கட்டியது பெட்டி இல்லை, தோள்பை. வீட்டைப் பூட்டியதிலிருந்து அங்கே முதல் இரவு தூங்கி எழுவது வரை குழந்தைக்கு எது இல்லாமல் முடியாதோ அது அத்தனையும் அந்தப் பைக்குள். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் பெட்டியில், அது தொலைந்தால் தொலையட்டும். டம்ளர் முதலில் போனது. இரண்டு முழு மாற்றுத்துணி, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், நடு வானில் ஒரு கையால் உருவும்படி. எனக்கும் ஒரு சட்டை, குழந்தை வாந்தி எடுத்தால் நம் மேல்தானே எடுக்கும். இரவுக்கு மட்டும் டயப்பர் கட்டுகிறோம், அதில் ஐந்து போதும். மிச்சம் அங்கே எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், எத்தனை கிலோ எடையுள்ள குழந்தைக்கு என்று அட்டையில் போட்டே விற்கிறார்கள். விமானம் இறங்கும்போது விழுங்கிக்கொண்டிருந்தால் காது வலிக்காது என்பதால், அப்போது கொடுக்க உலர்ந்த திராட்சையும் தண்ணீரும்.

மருந்து தனி. இதை உன் தங்கைக்குப் படித்துக் காட்டு. யாழினிக்கு இழுப்பு வரும் என்று உனக்குத் தெரியும். ஜப்பானில் போருக்குப் பிறகு மலைமலையாகச் சுகி என்ற ஊசியிலை மரங்களை நட்டிருக்கிறார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை அதன் மகரந்தம் ஊரெல்லாம் பறக்கும், பாதிப் பேர் முகக்கவசத்தோடு நடப்பார்கள் என்று தம்பி சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இழுப்பு மருந்தைப் புகைபோல ஆக்கித் தருகிற நெபுலைசர் வீட்டில் இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றிருந்தேன். அவர்தான் தடுத்தார். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. மோட்டார் சரியாக ஓடாது. குழந்தை மருத்துவரிடம் சொன்னோம். இன்ஹேலரும், அதோடு இணைக்கிற, முகத்தில் பொருந்தும் மாஸ்க் வைத்த ஸ்பேசர் என்ற குழாயும் எழுதித் தந்தார். பத்து நாளாக வீட்டிலேயே பழக்கிவருகிறேன். முதல் நாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். இப்போது பொம்மைக்கு முதலில் வைத்துவிட்டுத் தனக்கு வைத்துக்கொள்கிறாள், ஐந்து மூச்சு எண்ணும்வரை.

சளி மருந்திலும் கவனம் வேண்டியிருந்தது. மூக்கடைப்புக்குச் சேர்க்கிற சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. நாம் எதையும் யோசிக்காமல் வீட்டு அலமாரியிலிருந்து அள்ளிப் போடுகிற பழக்கம் இங்கே ஆகாது. ஒவ்வொரு பாட்டிலின் பின்பக்கத்தையும் படித்துப் பார்த்துத்தான் வைத்தேன். மருத்துவர் எழுதிய மருந்து ஒரு மாத அளவுவரை கொண்டுபோகலாம். சீட்டோடு, அட்டைப் பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறேன். காய்ச்சல் மருந்துக்கு அவள் எடையைப் பார்த்து எத்தனை மில்லி என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ராத்திரி மூன்று மணிக்குத் தெரியாத ஊரில் கணக்குப் போட முடியாது.

அந்த 100 வோல்ட் இன்னொன்றையும் கெடுத்தது. பால் காய்ச்ச ஒரு சின்ன மின்கெட்டில் வாங்கியிருந்தேன். நம்மூர்க் கெட்டில் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் கொடுக்குமாம். அதை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். லண்டனில் இந்தத் தொல்லை இல்லை, 230தான். பிளக் மாற்றுவதற்கு ஒரு அடாப்டர் இருந்தால் போதும்.

சாப்பாட்டுக்கு நான் பயந்த அளவுக்கு இல்லை. எதைக் கேட்டாலும் மீன் கொதித்த நீர் அதில் கலந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் மூலைக்கு மூலை உள்ள கடைகளில் நுண்ணலை அடுப்பில் சூடாக்குகிற சோற்றுப் பொட்டலமும் புளிக்காத தயிரும் வாழைப்பழமும் கிடைக்கும். அந்த ஊர் அரிசி குழைவாக ஒட்டும், பிசைந்தால் அருமையான தயிர்சாதம். எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பி இருப்பது நிஷி-கசாய். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற பகுதி, துவரம்பருப்பு முதல் எல்லாம் கிடைக்கும்.

இதை அம்மாவிடம் யார் சொல்வது? அவள் பிள்ளையைப் பார்த்து இரண்டு ஆண்டாகிறது. ஆளுக்கு 25 கிலோ என்று டிக்கெட்டில் இருக்கிறது, அதில் யாழினியின் 25 கிலோவை அம்மா தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டாள். மாவடு, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு, கூழ்வற்றல். ஊறுகாய் பாட்டில் ஒவ்வொன்றின் வாய்க்கும் பாலித்தீன் தாள் வைத்து மூடி, மூடிமேல் டேப் சுற்றி, பழைய துண்டில் உருட்டி நானே வைத்தேன். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கொல்லையில் பறித்த கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள் பார், அதற்குத்தான் மறுக்க வேண்டியிருந்தது. பச்சை இலை, பழம், விதை எதுவானாலும் நம் நாட்டுப் பயிர்ப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. துணியைப் பிரித்து, இலையை மறுபடி கொத்தாக எடுத்துப் பார்த்தாள். "இது அவன் வைத்த கன்று" என்று மட்டும் சொன்னாள். பத்தாம் வகுப்பில் அவன் பள்ளித் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து நட்டது. எனக்கு மறந்தே போயிருந்தது, மீனா.

உன் தங்கைக்கும் இப்படி ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எடுத்துப்போகிறாள் என்று எழுதியிருந்தாய். நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பாலில் செய்த பண்டமும் இங்கிலாந்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. குழந்தையின் பால்பவுடருக்கு மட்டும் விலக்கு உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் மனம் அவ்வளவு நோகாது.

மற்றது சுருக்கமாக. ஷூ ஒட்டுப்பட்டை வைத்ததாக இருக்க வேண்டும். பூ பார்க்கப் போனால் மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்களாம், நம்மைப்போலவே. கோயில், பாய் போட்ட உணவகம் எல்லாவற்றிலும் கழற்ற வேண்டும். கயிறு கட்டுகிற ஷூவோடு ஒரு நாளைக்குப் பத்து முறை குனிய முடியாது. புது ஷூவை இப்போதே போட்டுப் பழக்கிவருகிறோம், முதல் நாள் குதிகாலில் தோல் உரிந்தது. கைக்குட்டை நிறைய வைத்திருக்கிறேன், கழிவறைகளில் கை துடைக்கப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தெருவில் குப்பைத்தொட்டியும் அரிது, நம் குப்பையை நாமே சுமக்க ஒரு பை. கியோட்டோவுக்கு மூன்று நாள் போகிறோம். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதிவேக ரயிலில் முன்பதிவு வேண்டும். தையல் டேப்பால் அளந்தேன், 158. பெட்டியை முதல் நாளே ஹோட்டலுக்கு அனுப்பிவிடும் வசதியும் உண்டு என்று தம்பி சொன்னான், குழந்தையோடு போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

கொடைக்கானலுக்குக் கல்லூரிச் சுற்றுலா போனபோது நீ ஒரே துணிப்பையோடு வந்தாய், நினைவிருக்கிறதா? அதிலிருந்த ஒரு சால்வையைத்தான் அந்த இரண்டு இரவும் நாம் இரண்டு பேரும் போர்த்திக்கொண்டோம். நேற்றுத் துணி மடிக்கும்போது அந்தச் சால்வை கையில் அகப்பட்டது. என்னிடமே தங்கிவிட்டது. திருப்பித் தரப் போவதில்லை. விமானத்தில் யாழினிக்குப் போர்த்த எடுத்துவைத்துவிட்டேன்.

யாழினியும் தனக்கென்று ஒரு மூட்டை கட்டியிருக்கிறாள். மரச் சொப்பில் அடுப்பும் அண்டாவும், ஒரு கோலிக்குண்டு. மாமாவுக்குச் சாப்பாடு ஆக்கித் தர வேண்டுமாம். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தபோது, எட்டு மாதத்தில் எடுத்த அவள் படத்தைப் பார்த்து, "இந்தப் பாப்பாவும் வருமா?" என்று கேட்டாள்.

கறிவேப்பிலையை அம்மா விடவில்லை. மூன்று நாள் நிழலில் உலர்த்தி, இன்று காலை உளுந்தும் மிளகும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்துப் பொடித்துவிட்டாள். வறுத்து அரைத்த பொடிக்குத் தடை இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீடெங்கும் அதே மணம். எடை போட்டுப் பார்த்தோம், கால் கிலோகூட வரவில்லை. அதைப் பெட்டியில் வைக்க வேண்டாம், தோள்பையிலேயே வை என்கிறாள். வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், டம்ளருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

26ஆம் தேதிக்குள் உன் பதில் கிடைத்தால் நன்றாயிருக்கும். தங்கையின் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று எழுது, மருந்துப் பட்டியலை அதற்குத் தகுந்தபடி அனுப்புகிறேன். பொடி ஆறிவிட்டது, வந்து மூடி போடு என்று அம்மா கூப்பிடுகிறாள்.

அன்புடன்,
கோமதி