பிடிக்காவிட்டால் போய்விடு என்பது பதிலாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும் திருச்சபை வேண்டும் என்று கேட்கும் கத்தோலிக்கர்கள் ஒன்றுகூடிப் பேசியது பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியையும், அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஒரு கடிதத்தில், "பிடிக்கவில்லை என்றால் வேறு சபைக்குப் போக வேண்டியதுதானே, எதற்குக் கூட்டம் போட வேண்டும்?" என்று இருந்தது. இதே கேள்வியை நானே ஒரு காலத்தில் என் அக்காவிடம் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா மணமுறிவுக்குப் பிறகு மறுமணம் செய்துகொண்டவள். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டாள். மறுமணம் செய்தவர்கள் நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்கக் கூடாது என்பதால், அந்த நேரம் வந்தால் மட்டும் எழுந்து போகாமல், வரிசைக்குப் போகிறவர்களுக்கு வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டு கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். இப்படி 14 வருடம். "இவ்வளவு கஷ்டமா இருந்தா ஏன்க்கா போற?" என்று ஒரு நாள் கேட்டேன். "வேற எங்கடி போறது, இதுதானே என் கோயில்" என்றாள். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட குடும்பம் பற்றிய மடல், இவளைப் போன்றவர்களை ஒதுக்கிவைக்காமல் குருவானவர் உடன் நடந்து, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்த்து, சில சூழல்களில் நற்கருணை போன்ற அருளடையாளங்களின் துணையும் கிடைக்கச் செய்யலாம் என்று ஒரு வாசலைத் திறந்தது. அக்கா அதை நம்பிப் போய்ப் பங்குத்தந்தையிடம் கேட்டாள். அவர் அதைப் பற்றிப் பேசவே தயாராக இல்லை. அப்புறம் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படிப்பட்டவர்கள்தான் என்று நினைக்கிறேன். மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவர்கள், பாடகர் குழுவில் நிற்கிறவர்கள், தன்பாலின ஈர்ப்புள்ள பிள்ளையைப் பெற்றுவிட்டு அந்தப் பிள்ளையையும் கோயிலையும் சேர்த்தே நேசிக்கிற தாய்மார்கள். போக நினைத்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், அவர்கள் எதற்குக் கூட்டம் போடப் போகிறார்கள்?

பேசுவதே தவறு என்கிறவர்கள் திருச்சபைச் சட்டத்தின் 212ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். திருச்சபையின் நன்மையைத் தொட்ட விஷயங்களில் தங்கள் கருத்தை ஆயர்களிடம் (பிஷப்புகளிடம்) சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில நேரங்களில் அது கடமையும்கூட என்று அது சொல்கிறது. 1976இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1,300க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடினார்கள், கூட்டியவர்களே ஆயர்கள்தான். திருமணமான குருக்கள், பெண்களுக்குக் குருத்துவம் என்று பேச்சு போனதும் அதே ஆயர்களில் பலர் பின்வாங்கினார்கள். 1995இல் ஆஸ்திரியாவில் 'நாமே திருச்சபை' என்று தொடங்கிய விண்ணப்பத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஆயரைத் தேர்ந்தெடுப்பதில் எங்களையும் கேளுங்கள் என்பதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. அதில் என்ன கலகம் இருக்கிறது?

எனக்கு அதிகம் வலிப்பது, கருத்தைக் கேட்டுவிட்டு அதை அப்படியே விட்டுவிடுவது. அமேசான் காடுகளில் குருவானவர் வந்து பூசை வைக்க மாதக்கணக்கில், சில ஊர்களில் வருடக்கணக்கில்கூடக் காத்திருக்கிறார்கள். அங்கே மறைக்கல்வி கற்பிப்பதும் செபக் கூட்டம் நடத்துவதும் பெரும்பாலும் பெண்கள். 2019இல் அமேசான் பகுதிக்காக ஆயர்கள் கூடி ஆலோசித்த மாமன்றத்தில், அந்தப் பகுதிகளில் தகுதியுள்ள திருமணமான ஆண்களுக்குக் குருப்பட்டம் தரலாம் என்று 128 பேர் ஆதரித்தார்கள், 41 பேர்தான் எதிர்த்தார்கள். அடுத்த வருடம் வந்த திருத்தந்தையின் மடலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனைக்கும், திருத்தந்தையை ஏற்றுக்கொண்டு தங்கள் கீழை மரபிலேயே வழிபடும் கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகள் பலவற்றில் திருமணமான குருக்கள் இன்றும் பூசை வைக்கிறார்கள். குருக்கள் மணம் செய்யக் கூடாது என்ற ஒழுங்குமுறை மாற்றக்கூடியதுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பெண்களுக்குக் குருத்துவம் தர திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உறுதியாகச் சொன்னது எனக்குத் தெரியும், அது பலருக்குக் கடைசி வார்த்தை என்பதையும் மதிக்கிறேன். சரி, குருவுக்கு அடுத்த நிலையில் நின்று திருமுழுக்கு, அடக்கச் சடங்கு போன்றவற்றை நடத்தும் திருத்தொண்டர் பணி? பைபிளில் பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தைத் தொடங்குவதே கெங்கிரேயா சபையின் தொண்டரான பெபேயாளைப் பாராட்டித்தான். 2023 மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள், சுமார் 365 பேரில் 54 பேர். 2024இல் அந்த மாமன்றத்தின் இறுதி ஆவணத்தில், பெண்களைத் திருத்தொண்டராக்கும் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்ற பத்திக்கு 258 பேர் ஆதரவும் 97 பேர் எதிர்ப்பும் தெரிவித்தார்கள். அந்த ஆவணத்திலேயே அதிக எதிர்ப்பு விழுந்த பத்தி அதுதான். சாவு வீட்டில் விடியும்வரை செபம் சொல்லித் தேற்றுகிற அருட்சகோதரி, அடக்கச் சடங்கின்போது ஏன் ஓரமாக நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒற்றுமை குலைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களின் பயம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் ஒரே பாலின இணையருக்கும் ஆசி வழங்கலாம் என்று வத்திக்கான் அறிவித்ததும், ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் தங்களால் அதைச் செய்ய முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த ஆயர்களைப் பார்த்து வெளியே போ என்று ஒருவரும் சொல்லவில்லையே. அதே இடத்தை இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கூட்டம் நடந்தால், எதிர்ப்பு எவ்வளவு கிளம்பியது என்பதோடு நிறுத்தாமல், வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி அக்காவிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி