ஜூன் வாசிப்புக் கூட்டம்: பாய்மரப் படகும் தீவு முகாமும்

பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜூன் 14, சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நம் குடியிருப்பு நூலக அறையில் பிள்ளைகளின் வாசிப்புக் கூட்டம். புத்தகம்: ஆர்தர் ரான்சமின் ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ (1930). இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் நான்கு பிள்ளைகள் பெரியவர் துணையின்றிப் பாய்மரப் படகில் போய், தீவில் கூடாரம் போட்டுத் தங்கும் கதை. தொடக்கத்திலேயே ஏழு வயது ரோஜர், தன்னை எதிர்க்காற்றில் போகும் பாய்மரக் கப்பலாக நினைத்துக்கொண்டு, மேட்டில் நிற்கும் அம்மாவை நோக்கி வளைந்து வளைந்து ஓடுவான். அந்த இடத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அப்புறம் பிள்ளைகளே உங்கள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் படிப்பார்கள்.

1. முதல் பத்து அத்தியாயங்களாவது படித்திருக்க வேண்டும்.
2. தீவின் வரைபடம் ஒன்று: படகுத்துறை, கூடாரங்கள், அடுப்பு, கலங்கரை விளக்கு மரம் (பிள்ளைகள் விளக்கை ஏற்றித் தொங்கவிடும் உயரமான மரம்). பிள்ளைகளே வரையட்டும், தயவுசெய்து நீங்கள் திருத்த வேண்டாம்.
3. ஒரு மீட்டர் கயிறு. முடிச்சுப் போடப் பழகுவோம்.
4. ரோஜருக்கு இன்னும் நீச்சல் வராது, ஆனாலும் படகில் ஏறுகிறான். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று வீட்டில் கட்டாயம் பேசுங்கள்.

வருபவர்கள் பிள்ளையின் பெயர், வயதுடன் வியாழன் இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். புத்தகம் கிடைக்காதவர்களும் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.