கிரியாட்டினின் நொதியன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நலவாழ்வு இணைப்பில், சர்க்கரை நோயாளிகளின் இரத்த நொதிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில், "கிரியாட்டினின் என்னும் நொதியின் அளவு இயல்பாக இருக்கும்வரை சர்க்கரை நோயாளிகள் தங்கள் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைகொள்ளத் தேவையில்லை" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அன்று முழுவதும் வேறு எதிலும் என் மனம் செல்லவில்லை. அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவதைப் பள்ளி மாணவரே திருத்திவிடுவார். இரண்டாவது பிழையை நம்பியவர்களுள் ஒருவர் என் அக்கா என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

தங்களுக்குத் தெரியாதது அன்று. கிரியாட்டினின் நொதியே அன்று. தசைகளில் ஆற்றலைத் தேக்கிவைக்கும் கிரியாட்டின் சிதைவதால் உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறையும்போது அது இரத்தத்தில் தங்குகிறது. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. பல ஆய்வகங்களின் அறிக்கைத் தாளில் கிரியாட்டினின் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'என்சைமேட்டிக்' என்று அச்சிட்டிருப்பார்கள். நொதிகளைக் கருவியாகக் கொண்டு அளக்கும் முறை என்பதே அதன் பொருள். மரக்காலால் அளப்பதால் நெல் மரமாகிவிடாது என்பதைத் தஞ்சை மாவட்டத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பிழைக்கு வருகிறேன். பாபநாசம் வட்டத்தில் எங்கள் ஊர். அக்காவின் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது 2003ஆம் ஆண்டிலேயே தெரியும். மாத்திரை தவறியதில்லை, ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனையும் தவறியதில்லை. அறிக்கைத் தாள்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு, அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்திருப்பார். அந்தப் பை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. 2012இல் கிரியாட்டினின் 0.9, 2013இல் 1.0, 2014இல் 1.1. மூன்று தாள்களிலும் 'இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை' என்று அச்சாகியிருக்கிறது. மூன்றுமே அந்த எல்லைக்குள்தான் இருந்தன. ஆகவே யாரும் கவலைப்படவில்லை. தங்கள் கட்டுரையாளரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

அந்த ஆண்டுகளில் ஒரு நாள் காலை அக்கா என்னிடம் வந்து, "தம்பி, ஒண்ணுக்குப் போனா நுரை நுரையாப் போவுதுடா, ரெண்டு வாளி தண்ணி ஊத்துனாலும் அடங்க மாட்டேங்குது" என்றார். மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்த நான், கழிப்பறையில் சோப்புத் தண்ணீர் தங்கியிருக்கும், தேய்த்துக் கழுவிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சிறுநீரில் புரதம் கசியும்போது அப்படி நுரைக்கும் என்பதை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அக்காவின் அறிக்கை இயல்பாக இருக்கிறது என்ற எண்ணமே அன்று என் கண்ணை மறைத்தது.

2017இல் தைப் பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் அவர் கால்கள் வீங்கின. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அப்போது கிரியாட்டினின் 2.1. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி அவர் விழுங்கிவந்த வலிமாத்திரைகளும் தம் பங்குக்குக் கெடுதல் செய்திருக்கின்றன என்று தஞ்சாவூர் மருத்துவர் சொன்னார். நடவுக்கும் அறுவடைக்கும் போய்வரும் பெண்களில் எத்தனை பேர் அந்த மாத்திரைகளை இன்றும் மடியில் முடிந்துவைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் பகுதி நிருபருக்குத் தெரியாதா?

வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. 2021இல் திருத்தப்பட்ட அந்தச் சூத்திரத்தில் அக்காவின் பழைய எண்களைப் போட்டுப் பார்த்தேன். 59 வயதுப் பெண்ணுக்கு 0.9 என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 74 மில்லிலிட்டர். 61 வயதில் 1.1 என்றால் 57. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய். இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு இறங்கியிருக்கிறது, தாளிலோ 'இயல்பு'. அதே 1.1 நெல்மூட்டை தூக்கும் 25 வயது இளைஞருக்கு இருந்தால் கணக்கு 95ஐத் தாண்டும். தசை குறைந்த முதிய பெண்களுக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால், பாதிப் பழுது வரை அந்த எண் அமைதியாகவே இருந்துவிடும்.

சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தில் பழுது தொடங்குவதைப் பெரும்பாலும் முன்கூட்டிக் காட்டுவது சிறுநீர்தான். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே ஆல்புமின் இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை இருந்தால் எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் பழுது முற்றிவருகிறது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இந்த எண் ஏறும் என்பதால், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து, அதில் இரண்டு முறையாவது உயர்ந்திருந்தால்தான் உறுதி செய்வார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டிய சோதனை இது. என் அக்காவுக்கு 14 ஆண்டுகளில் ஒரு முறைகூட யாரும் செய்யச் சொல்லவில்லை. தங்கள் கட்டுரை முக்கால் பக்கம் நீள்கிறது. அதில் சிறுநீர் என்ற சொல் சிறுநீரகம் என்ற சொல்லுக்குள் மட்டுமே இருக்கிறது.

அந்த முக்கால் பக்கமும் எஸ்ஜிபிடி, ஜிஜிடி என்று கல்லீரல் நொதிகளுக்கே போய்விட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கு அவை உயர்ந்திருந்தால் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கக்கூடும், பார்க்க வேண்டியதுதான். ஜிஜிடி உயர்ந்தவர்களிடம் சிறுநீரகப் பழுதும் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்வதும் உண்மைதான். ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்காக ஒன்றை வைத்து மற்றொன்றுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

சிறுநீரகத்தின் தலையெழுத்தை உண்மையிலேயே மாற்றக்கூடிய ஒரு நொதியைப் பற்றியோ கட்டுரையில் பேச்சே இல்லை. ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதி, சுருக்கமாக ஏசிஇ, உண்டாக்கும் பொருள் சிறுநீரக வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் நுண்குழாயை இறுக்கி உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் கேப்டோப்ரில் மாத்திரை, முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்துகிறது என்பது 1993லேயே நிறுவப்பட்டது. அதே பாதையில் அடுத்த படியை மறிக்கும் லோசார்ட்டன், இர்பிசார்ட்டன் மாத்திரைகள் இரண்டாம் வகையினருக்கு உதவுவது 2001இல் தெளிவாயிற்று. அக்காவுக்கு 2017இல்தான் அதே நொதியைத் தடுக்கும் எனலாப்ரில் எழுதிக்கொடுத்தார்கள். வறட்டு இருமல் வந்தது. அந்த மாத்திரைக்கு அது வழக்கமான தொல்லை. மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். தெருவில் ஒருவர், இது பிரஷர் மாத்திரையாயிற்றே, உங்களுக்குத்தான் பிரஷர் இல்லையே என்று சொல்ல, அக்கா யாரிடமும் சொல்லாமல் நான்கு மாதம் நிறுத்திவிட்டார். இதை ஒரு நாளிதழ் இரண்டு வரியில் விளக்கியிருந்தால் எத்தனையோ வீடுகளில் அந்த மாத்திரை நின்றிருக்காது.

மன்னிக்க வேண்டும், பழையதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் இதே இணைப்பில் வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் சிறுநீரகத்தைக் கழுவிச் சுத்தமாக்கும் என்று வண்ணப்படத்துடன் எழுதியிருந்தீர்கள். திருவையாற்று வாழையும் பட்டுக்கோட்டைத் தென்னையும் எங்களுக்குக் கைக்கெட்டும் பொருள்கள். அக்காவின் மருமகள் அந்தப் பக்கத்தை வெட்டி அடுக்களைச் சுவரில் ஒட்டி, தினமும் காலையில் ஒரு தம்ளர் சாறும் மாலையில் ஓர் இளநீரும் கொடுத்தார். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி, பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரிவர வெளியேற்ற முடியாது. அவர் அப்போது எடுத்துவந்த லோசார்ட்டனும் பொட்டாசியத்தை உயர்த்தும். பதினோராம் நாள் இரவு பொட்டாசியம் 6.4 ஆகி, நாடித் துடிப்பு தடுமாறி, ஆம்புலன்சில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். அன்பினால் கொடுத்தவளை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த வாரமே தங்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். கிடைத்ததற்கான அட்டை திரும்பி வந்தது, கடிதம் வெளிவரவில்லை. அதற்குப் பிறகும் 48 நாளில் சர்க்கரையை அடியோடு நீக்கும் சூரண விளம்பரம் அதே பக்கத்தின் கீழே வந்துகொண்டுதான் இருக்கிறது.

37 ஆண்டுகளாக இந்த நாளிதழை வாங்குகிறேன். மொழிப்பாட வகுப்பில் நல்ல தமிழுக்கு எடுத்துக்காட்டாகத் தங்கள் தலையங்கத்தைப் படித்துக்காட்டுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் சொன்னவன் நான். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கிரியாட்டினின் நொதியன்று, அது இயல்பாக இருந்தாலும் சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமினையும், வயதுக்கேற்ற வடிகட்டும் வேகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும். நான்காம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போட வேண்டாம்.

2021ஆம் ஆண்டு முதல் அக்காவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும், நான்கு நான்கு மணி நேரம். விடியற்காலை முதல் பேருந்தில் நான்தான் அழைத்துப்போகிறேன். அங்கே காத்திருப்போர் பெஞ்சில் தங்கள் நாளிதழ் கிடக்கும். ஞாயிறு இணைப்பைச் செவ்வாய்க்கிழமை வரை கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பார்கள். துணைக்கு வந்திருக்கும் மகன்களும் மருமகள்களும் பலர் சர்க்கரை நோயாளிகளே. திருத்தம் வந்தால் அவர்கள் கையில் அது இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.