தூக்கத்தையும் கவனத்தையும் எதைக்கொண்டு அளந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு தொடங்கிப் பொதுத்தேர்வு முடியும்வரை 'தூக்கம் குறைந்தால் கவனம் குறையும்' என்ற வகைச் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அந்த முடிவோடு எங்களுக்குச் சண்டை இல்லை. தூக்கத்தை எதைக்கொண்டு அளந்தார்கள், கவனத்தை எதைக்கொண்டு அளந்தார்கள் என்ற இரண்டு விவரங்களும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன என்பதே குறை. சென்னையில் உளவியல் படிக்கும் மாணவர்கள் இதே தலைப்பில் புராஜெக்ட் செய்யும்போதும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். அவர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வழக்கமாக நடப்பது இது. ஒரே கூகுள் படிவத்தில் 'தினமும் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழேயே 'வகுப்பில் உங்களால் கவனிக்க முடிகிறதா? 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக' என்று இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரே இரவில் 200 பேர் நிரப்பிவிடுவார்கள். இரண்டுக்கும் தொடர்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். மனம் சோர்ந்திருப்பவர் இரண்டு கேள்விக்கும் குறைத்துப் போடுவார், உற்சாகமாக இருப்பவர் இரண்டுக்கும் கூட்டிப் போடுவார். அந்தப் படிவம் அளந்தது அன்றைய மனநிலையை. தூக்கம் சாரா மாறி (காரணம்), கவனம் சார்ந்த மாறி (விளைவு) என்று அறிக்கையில் எழுதிவிட்டதால் அவை அப்படி ஆகிவிடுவதில்லை.

தன் கவனத்தைப் பற்றி ஒருவர் தரும் மதிப்பீடு எவ்வளவு நம்பத்தக்கது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கன், டிங்கஸ் குழுவினர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இரவுக்கு 4, 6, 8 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதித்து 14 நாள் பார்த்தார்கள். 6 மணி நேரக் குழுவினரின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. ஆனால் 'எவ்வளவு தூக்கம் வருகிறது' என்று அவர்களே தந்த மதிப்பெண், முதல் சில நாட்களில் ஏறிவிட்டு, பிறகு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. 'எனக்கு ஆறு மணி நேரமே போதும், பழகிவிட்டது' என்று சொல்பவரிடமே அவரது கவனத்தைப் பற்றிக் கேட்பதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். 'எத்தனை மணி நேரம்' என்று கேட்டால் பெரும்பாலானோர் படுத்த நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் சொல்கிறார்கள். அது படுக்கை நேரம். ஒருவர் இரவு 10.30-க்கு விளக்கை அணைத்துப் படுக்கிறார், 11.10-க்குத்தான் கண் அயர்கிறார், நடுவில் மின்தடையாலோ கொசுவாலோ விழித்து மொத்தம் 35 நிமிடம் புரள்கிறார், 5.45-க்கு விழிப்பு வந்து 6 மணிக்கு எழுகிறார். படுக்கை நேரம் 450 நிமிடம். தூங்கியது 360 நிமிடம். முன்னதால் பின்னதை வகுத்து நூறால் பெருக்கினால் தூக்கத் திறன் 80 சதவீதம். படிவத்தில் இவர் 'ஏழரை மணி நேரம்' என்றே எழுதியிருப்பார். கத்திரி வெயில் காலத்தில் மின்விசிறிக்கு அடியில் படுப்பவருக்கும் ஏ.சி. அறையில் படுப்பவருக்கும் படுக்கை நேரம் ஒன்றாகவே இருந்தாலும் இந்தத் திறன் ஒன்றாக இருக்காது.

செலவில்லாத நல்ல வழி தூக்கக் குறிப்பேடு. விளக்கணைத்த நேரம், தூக்கம் வர எடுத்த நிமிடங்கள், இடையில் விழித்த நிமிடங்கள், கடைசியாக விழித்த நேரம், எழுந்த நேரம், முந்தைய பகலில் போட்ட குட்டித் தூக்கம் என்று ஆறு கட்டங்கள் போதும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நிரப்பிய ஏடு கற்பனைக் கதை. ஏழு நாள் கட்டாயம், பதினான்கு நாள் இருந்தால் நல்லது. சனி, ஞாயிறு சேர்ந்தே ஆக வேண்டும். கைக்கடிகாரக் கருவி பெரும்பாலும் அசைவை வைத்து ஊகிப்பதால், அசையாமல் விழித்துக் கிடப்பதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். அதன் மொத்த நேரத்தைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பயன்படுத்தலாம். அது காட்டும் 'ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிடம்' போன்ற எண்ணைப் புள்ளிவிவரத்தில் ஏற்ற வேண்டாம். தூக்க நிலைகளைச் சரியாகப் பிரிக்க மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. வேண்டும்.

தூக்கத்தின் அளவை ஆய்வாளரே மாற்றிப் பார்த்தால்தான் அது பரிசோதனை. ஒரே நபரை இரண்டு நிலைகளிலும் சோதிப்பது நல்லது: இரண்டு இரவு 8 மணி நேரம், வேறு வாரத்தில் இரண்டு இரவு 5 மணி நேரம். எழும் நேரத்தை இரண்டிலும் காலை 6 மணி என்று நிறுத்திவிட்டு, படுக்கும் நேரத்தை மட்டும் 10-இலிருந்து 1-க்கு மாற்ற வேண்டும். எழும் நேரத்தையும் மாற்றினால், சோதனையின்போது விழித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதும் மாறிவிடும்; வித்தியாசம் எதனால் வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. பாதிப் பேருக்கு நீண்ட இரவு முதலில், மீதிப் பேருக்குக் குறுகிய இரவு முதலில். நடுவில் ஒரு வாரம் இடைவெளி, சோதனை அதே கிழமையில். ஒரு பாதியை மார்கழியில், விடியற்காலை ஒலிபெருக்கிக்கு நடுவே முடித்துவிட்டு மறுபாதியை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தால், ஒப்பிடுவது தூக்கத்தை அல்ல, பருவத்தை. இன்னொரு குறையை முழுதாக நீக்கவே முடியாது: குறைவாகத் தூங்கியது தூங்கியவருக்கே தெரியும். மதிப்பெண் போடுபவருக்காவது யார் எந்த நிலையில் வந்தார் என்று தெரியாமல் வைக்கலாம்.

சென்னையில் காபியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையப் பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த டிகிரி காபியில் பாதி 11 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். அதற்காக 'சோதனை நாளில் காபி கூடாது' என்று அறிவிப்பது அதைவிடப் பெரிய தவறு. தினமும் குடிப்பவர் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் மந்தமும் வந்துவிடும்; கவனம் குறைந்ததற்குத் தூக்கம் காரணமா டபரா காரணமா என்று தெரியாது. வழக்கமான அளவை, வழக்கமான நேரத்தில், இரண்டு நிலைகளிலும் ஒரே மாதிரி குடிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வதே சரி.

இனி கவனம். பி.எட். செய்முறை ஏடுகளில் இன்றும் இருக்கும் கவன வீச்சுச் சோதனை, ஒரு கணம் காட்டிய புள்ளிகளில் எத்தனை கண்ணில் பட்டன என்று கேட்பது. தாளில் குறிப்பிட்ட எழுத்தைத் தேடித் தேடிக் கோடிட்டு அடிக்கும் சோதனை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தூக்கம் குறைந்தவர் இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடுவார். அவர் தோற்பது நீடித்த கவனத்தில், அதுவும் சலிப்பூட்டும் வேலையில். அதற்காகவே 1985-இல் டிங்கஸும் பவலும் வெளியிட்டது 'சைக்கோமோட்டார் விஜிலன்ஸ்' என்னும் பி.வி.டி. சோதனை. திரையில் எண் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தூண்டல்களுக்கு இடையே 2 முதல் 10 விநாடி வரை ஒழுங்கில்லாத இடைவெளி. மொத்தம் 10 நிமிடம். எண் தோன்றியதிலிருந்து பொத்தானை அழுத்தும்வரை ஆகும் துலங்கல் நேரம் 500 மில்லிவிநாடியைத் தாண்டினால் அது ஒரு நழுவல். 100-க்குக் கீழே வந்தால் அவசரப்பட்டு அழுத்தியது. பழகப் பழக மதிப்பெண் ஏறும் கோளாறு இதில் மிகக் குறைவு. வேறு நிற மையில் எழுதிய நிறப் பெயரைப் பார்த்து மையின் நிறத்தைச் சொல்லும் ஸ்ட்ரூப் போன்ற சோதனைகளில் அது அதிகம். 3 நிமிடச் சுருக்கப் பதிப்பும் உண்டு. ஆனால் அதில் இடைவெளி 1 முதல் 4 விநாடி, நழுவலின் எல்லை 355 மில்லிவிநாடி. இரண்டின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

கருவியில் ஒரு எச்சரிக்கை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு 16.7 மில்லிவிநாடிக்கும் ஒருமுறைதான் படத்தைப் புதுப்பிக்கும். தொடுதிரை தன் பங்குக்குப் பல பத்து மில்லிவிநாடி தாமதத்தைச் சேர்க்கும். ஆளுக்கொரு செல்போனில் செய்தால் பாதி வித்தியாசம் போன் கம்பெனிகளுக்கு இடையே உள்ளதாக இருக்கலாம். ஒரே மடிக்கணினி, ஒயர் உள்ள விசைப்பலகை, நோட்டிஃபிகேஷன் அணைப்பு, ஒரே அறை. நேரம் காலை 10 மணி என்று வைத்துக்கொள்ளலாம். எழுந்த முதல் அரை மணி நேரத்தின் மப்பும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் சரிவும் அதில் படாது.

கணக்கிடும்போதுதான் நல்ல தரவும் பாழாகிறது. 250, 260, 270, 1220 என்று நான்கு துலங்கல்கள் வந்தால் சராசரி 500. ஆனால் அவர் ஒருமுறைகூட 500-க்கு அருகில் அழுத்தவில்லை. ஒவ்வொன்றையும் தலைகீழாக்கி (1000-ஐ அந்த எண்ணால் வகுத்து) வேகமாக மாற்றிச் சராசரி எடுத்தால் விநாடிக்கு 3.09 கிடைக்கும், அது சுமார் 323 மில்லிவிநாடிக்குச் சமம். வேகத்தின் சராசரி, நழுவல்களின் எண்ணிக்கை இரண்டையும் தனித்தனியே தர வேண்டும். அந்த 1220-ஐ 'விலகிய மதிப்பு' என்று அழித்துவிட்டு, தூக்கத்தால் பாதிப்பே இல்லை என்று முடிவெழுதும் அறிக்கைகள் உண்டு. தேடிப்போன பொருளே அந்த 1220-தான். அதேபோல் 7 மணி நேரத்துக்கு மேல், கீழ் என்று ஆட்களை இரண்டாக வெட்டுவதும் வேண்டாம்; 6.50-ம் 7.10-ம் எதிரெதிர்க் குழுவில் போய் உட்காரும், 7.10-ம் 9-ம் ஒன்றாகிவிடும். நிமிடக் கணக்கை அப்படியே பயன்படுத்தலாம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் இரவுப் பணி முடித்து வருபவரையும் வீட்டில் தூங்கி எழுந்தவரையும் காலை 10 மணிக்கு ஒப்பிடுவது இன்னொரு வழக்கம். முன்னவர் விழித்து 16 மணி நேரம் ஆகியிருக்கும், பின்னவர் 4 மணி நேரம். உடலின் உட்கடிகாரமும் இருவருக்கும் ஒன்றல்ல. அதைத் 'தூக்கக் குறைவின் விளைவு' என்று தலைப்பிட முடியாது.

பள்ளி மாணவர்களின் தூக்கத்தைப் புராஜெக்டுக்காகக் குறைக்கவே கூடாது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. அவர்களிடம் குறிப்பேடு மட்டும், அதுவும் பெற்றோர் ஒப்புதலோடும் பிள்ளையின் சம்மதத்தோடும். பெரியவர்களை வைத்துச் செய்யும்போதும் 5 மணி நேர இரவுகளுக்குப் பிறகு அவர்களை இருசக்கர வாகனத்தில் வரவிடக் கூடாது. வந்துபோக ஆட்டோ கட்டணம் திட்டச் செலவில் முதல் வரியாக இருக்கட்டும்.

இத்தகைய ஆய்வுகளைச் செய்தியாக்கும்போது நாளிதழ்கள் இரண்டே வரி கூடுதலாகச் சேர்க்கலாம்: தூக்கம் படிவத்திலா, குறிப்பேட்டிலா, கருவியிலா, கவனம் எந்தச் சோதனையில், எத்தனை நிமிடம்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர்கள் இருவர்,
சென்னை.